பொருள்: பர்சனலைசேஷன் – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச் சொல்

மார்த்தாண்டத்திலிருந்து:
வணக்கம். எங்கள் நூலக அறிவியல் மாணவிகள் ஒரு கேள்வித்தாள் தயாரிக்கிறார்கள். இணையத்தில் செய்தியும் வீடியோவும் ஆளுக்கு ஆள் மாறி வருவது பிடிக்கிறதா, அதை மாற்றும் வசதி தங்கள் கையில் வேண்டுமா என்பதுதான் விஷயம். இப்படி மாறி வருவதற்கு 'தனிப்பயனாக்கம்' என்று போட்டுச் சிலரிடம் கொடுத்துப் பார்த்தோம். ரப்பர் பால் வெட்டும் அக்கா ஒருவர், "எங்க வீட்ல போனுக்குத் தனிப்பயன் கிடையாது, பிள்ளைகளும் எடுக்கும்" என்று எழுதிவிட்டார். கேள்வி புரியாவிட்டாலும் பதில் சரிதான், அவர் யூடியூப் திறந்தால் வருவது மகனுடைய கார்ட்டூன். இன்னொன்று, மாற்றும் வசதியை நினைத்து 'கட்டுப்பாடு வேண்டுமா' என்றால் எல்லோரும் 'கண்டிப்பாக வேண்டும், பிள்ளைகள் கெட்டுப்போகுது' என்கிறார்கள்! வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்.

நாகர்கோவிலிலிருந்து:
டீச்சர், இரண்டு சொல் வேண்டும். 1996-ல் வந்த மை யாஹூ இணையப் பக்கத்தில் எது எங்கே என்று நாமே அடுக்கினோம். 2009 டிசம்பரில் கூகுள், கணக்கில் நுழையாதவர்களுக்கும் தேடல் முடிவுகளை ஆளுக்கேற்ப மாற்றத் தொடங்கியது, யாரும் கேட்காமலே. முன்னது கஸ்டமைசேஷன், பின்னது பர்சனலைசேஷன். நம்மவர்கள் இரண்டுக்கும் தனிப்பயனாக்கம் என்றே போட்டுவிடுகிறார்கள். அமைத்தல் - அமைப்பு, அமைதல் - அமைவு. ஆக, நாம் செய்தால் தன்னமைப்பு, அதுவாக வந்தால் தன்னமைவு. முடிந்தது.

தக்கலையிலிருந்து:
முடியவில்லை அண்ணாச்சி. அது எங்கே தானாக அமைகிறது? கம்பெனிக்காரன் அமைக்கிறான். தன்வினையில் எழுதி அவனை ஒளித்துவைக்கிறீர்கள். என் சொல் 'ஆளறி விளம்பல்'. ஏட்டில் விளம்பினால் சொல்வது, நம்ம ஊர்ப் பந்தியில் விளம்பினால் பரிமாறுவது. தகவல் சேவைக்கு இரண்டும் பொருந்தும். விளம்பரமும் பக்கத்திலேயே நிற்கிறது பாருங்கள். கல்யாணப் பந்தியில் முன்வரிசை மாமாவுக்கு அடைப்பிரதமன் பாயசம் கேட்காமலே மூன்று தடவை விழும், கடைசி வரிசைக்காரனுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. வேண்டாம் என்றால் இலைக்கு மேலே கையை மறிப்போம் இல்லையா, டீச்சர் கேட்கிற 'கட்டுப்பாடு' அதுதான்.

திருநெல்வேலியிலிருந்து:
குமரி மாவட்ட எல்லையில் ஆரல்வாய்மொழி தாண்டினால் யாரும் சோறு விளம்புவதில்லை. மலையாள வாடை.

தக்கலையிலிருந்து:
1956 நவம்பர் 1-ல் குமரி திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தாயிற்று, இன்னும் மலையாள வாடையா? தமிழ்ப் பேரகராதியிலேயே பரிமாறுதல் என்ற பொருளும் இருக்கிறது. தொல்காப்பியத்தைக் கேட்டுச் சரிபார்த்த அதங்கோட்டாசான் எங்கள் விளவங்கோடு வட்டத்து அதங்கோட்டுக்காரர் என்றுதான் இங்கே சொல்வோம்.

நாகர்கோவிலிலிருந்து:
அதங்கோடு வந்துவிட்டதா, இனி வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். ஆனாலும் ஒன்று: 'ஆள்' என்றால் மனிதன், ஆட்சி செய் என்றும் பொருள். ஆளறி என்பதில் யார் யாரை ஆள்வது?

குளச்சலிலிருந்து:
கையை மறிப்பது நல்ல உவமைதான், நடப்பு அப்படி இல்லை. யூடியூபில் பார்வை வரலாற்றை அணைத்து, பழையதையும் அழித்துவைத்தால், 2023-லிருந்து முகப்பே காலியாகக் கிடக்கும். பாயசம் வேண்டாம் என்றவனிடமிருந்து இலையையே எடுத்துவிடுகிறார்கள். இதைக் கேள்வியில் சேருங்கள், சொல் எதுவானாலும்.

மார்த்தாண்டத்திலிருந்து:
நேற்று அந்த அக்காவிடம் மறுபடி போனோம். விளம்பல் என்றதும் சிரித்தார், விளக்கமே தேவைப்படவில்லை. ஆனால் திருநெல்வேலிக்கும் தாள் போகிறது, துறையில் ஒப்பவில்லை. பெரும்பாலானோர் சொன்னபடி தலைப்பில் தனிப்பயனாக்கம் இருக்கட்டும், கேள்வியில் 'நீங்கள் கேட்காமலே உங்களுக்கென்று தேர்ந்து காட்டுவது' என்று விரித்து எழுதிவிட்டோம். கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு 'மாற்றவும் நிறுத்தவும் உங்களுக்கு வழி' என்று போட்டாயிற்று. தன்னமைப்பு அடைப்புக்குறிக்குள் இருக்கிறது, அண்ணாச்சி கோபப்பட வேண்டாம்.

தக்கலையிலிருந்து:
எனக்குச் சம்மதமில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். விளவங்கோட்டுக்குப் போகும் தாள்களிலாவது பேனாவால் திருத்தலாமே, நான் வந்து எழுதித் தருகிறேன்.