மறு: வெட்சூட் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். குளிர்ந்த கடலில் அலைச்சறுக்கு ஆடுவோர் உடம்போடு ஒட்ட அணியும் ரப்பர் உடைதான் வெட்சூட். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் நீங்கள் சொன்னவற்றுக்கு என் பதில் இது.

> 'நீர்புகா உடை' என்று வைத்தால் எல்லோருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். வெட்சூட்டுக்குள் தண்ணீர் புகத்தான் செய்யும். கழுத்து, மணிக்கட்டு வழியாகக் கொஞ்சம் உள்ளே வந்து, உடம்பை ஒட்டித் தங்கி, உடல் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். அந்தச் சூடு வெளியே போகாமல் தடுப்பது நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள். உடை தொளதொளவென்று இருந்தால் ஒவ்வோர் அலைக்கும் உள்ளே இருந்த தண்ணீர் போய்ப் புதுக் குளிர்நீர் நுழையும். அப்புறம் எவ்வளவு தடிமனாக வாங்கியும் பயனில்லை. நீர்புகா உடை என்பது டிரைசூட்டுக்குத்தான் பொருந்தும். அதில் கழுத்தும் மணிக்கட்டும் இறுக அடைத்திருக்கும்.

'ஈர உடை' வேண்டவே வேண்டாம். "ஈர உடையோட நிக்காதே, சளி பிடிக்கும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 'குளிர்காப்புடை' என்றால் கம்பளிக் கோட்டும் அதுதானே?

என் பரிந்துரை: வெட்சூட்டுக்கு நனையுடை, டிரைசூட்டுக்கு உலருடை. இரண்டும் வினைத்தொகை, ஜோடியாகவும் நிற்கின்றன. 'நனையுடை' அன்றாடப் பேச்சில் புழங்காத சொல் என்பதால் துவைத்த துணியின் நினைவு குறுக்கே வராது.

> வகைகளைக் 'கோடை வெட்சூட்', 'குளிர்கால வெட்சூட்' என்று பிரிக்கலாம்.

இதில்தான் எனக்குப் பெரிய மறுப்பு. கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாகக் குளிரும். வட மிதவெப்பக் கடல்களில் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச்சில். வெதுவெதுப்பாக இருப்பது ஆகஸ்ட், செப்டம்பரில். இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஏப்ரல் வெயிலைப் பார்த்து மெல்லிய உடையோடு இறங்கினால் தண்ணீர் 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வானம் மூடிக்கிடக்கும் அக்டோபரிலோ 15 டிகிரி கிடைக்கும். வட கலிஃபோர்னியாவில் இன்னும் வேடிக்கை: வசந்தத்திலும் கோடையிலும் அடிக்கும் காற்று மேல்நீரைக் கரையைவிட்டு விலக்க, ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. ஜாக் ஓ'நீல் 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் அலைச்சறுக்குக் கடை திறந்து வெட்சூட் விற்கக் கிளம்பியது சும்மா இல்லை. அங்கே போகிறவர் 'கோடை வெட்சூட்' என்ற பெயரை நம்பி வாங்கினால் விறைத்துப்போவார்.

ஆகவே தடிமனையே பெயராக வைப்போம். 3/2 என்றால் மார்பு, முதுகுப் பகுதியில் 3 மில்லிமீட்டர், கை கால்களில் 2. பலகையில் படுத்துத் துடுப்புப்போல நீரைத் தள்ளும் கைக்கு இலகு வேண்டும் என்பதால் அந்த வித்தியாசம். இதை 'மூன்று-இரண்டு' என்றே வாசிக்கலாம். நீரின் வெப்பநிலை 17 முதல் 20 டிகிரி என்றால் மூன்று-இரண்டு, அதற்குக் கீழே 12, 13 வரை நான்கு-மூன்று, 10க்கும் கீழே போனால் ஐந்து-நான்கோடு தலையுறை, கையுறை, காலுறை என்பது தோராயக் கணக்கு. காற்றடித்தால் ஒரு படி தடிமன் கூட்டிக்கொள்வது நல்லது.

கை கால் குட்டையாக வரும் வெட்சூட்டான ஸ்பிரிங்சூட்டை 'வசந்த உடை' ஆக்காதீர்கள், கவிதை மாதிரி ஆகிவிடும். அரைக்கைச் சட்டை என்கிறோமே, அதுபோல 'அரை நனையுடை'. மற்றது 'முழு நனையுடை'. சரிதானே?

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் சிக்கவில்லை. அலையில் விழுந்ததும் கழுத்து வழியாகக் குளிர்நீர் குபுக்கென்று புகுவதை ஃப்ளஷ் என்கிறார்கள். 'குளிர்ப்புகல்' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை. வேறு யோசனை உண்டா?