கூலன்ட் சென்சாரை இனம் காண்பதும், தனி டெம்பரேச்சர் கேஜ் பொருத்துவதும்: அனுபவப் பகிர்வு

என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டின் வெப்பத்தை அறிய வண்டியில் பல சென்சார்கள் உண்டு: தெர்மோஸ்டாட் (சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) ஹவுசிங்கில் இரண்டு, ரேடியேட்டர் அடியில் ஒன்று, சில வண்டிகளில் சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் இன்னொன்று. இவற்றில் எது எதற்கு என்று உறுதி செய்யாமல் ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் புதுக் கேஜின் சென்சாரை முடுக்குவதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் கோளாறு. வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஃபேன் நிற்காமல் ஓடும். அதனால் முதலில் இனம் காண்பதைப் பேசுவோம்.

கனெக்டரைக் கழற்றி வயர்களை எண்ணுங்கள். ஒரே வயர் என்றால் அது டேஷ்போர்டு முள்ளுக்கான சென்சாராகவோ, எச்சரிக்கை விளக்குக்கான சுவிட்சாகவோ இருக்கும். இரண்டுக்கும் எர்த், அவற்றின் உலோக உடம்பில் உள்ள மரை வழியாகத்தான். இரண்டு வயர் இருந்து என்ஜினில் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சென்சார். இரண்டு வயர் இருந்து ரேடியேட்டரில் உட்கார்ந்திருந்தால் ஃபேன் சுவிட்சாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் அறுகோணத் தலையில் 92-87 அல்லது 95-90 என்பது போல இரண்டு எண்கள் அடித்திருக்கும். முதல் எண் காட்டும் டிகிரியில் சுவிட்ச் சேர்ந்து ஃபேன் ஓடும், இரண்டாவதில் பிரிந்து நிற்கும். மூன்று பின் இருந்தால் இரண்டு வேக ஃபேன் சுவிட்ச், அல்லது முள்ளுக்கும் இசியூவுக்கும் சேர்த்துச் செய்த சென்சார். நான்கு பின் என்றால் ஒரே கூட்டுக்குள் இரண்டு தெர்மிஸ்டர் (வெப்பத்துக்கு ஏற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் பொருள்).

கனெக்டரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே நிறத்தில் வெவ்வேறு ரெசிஸ்டன்ஸ் உள்ள சென்சார்கள் வருகின்றன.

* * *

வயர் எண்ணிக்கை ஒரு குறிப்புதான், மல்டிமீட்டர்தான் தீர்ப்பு. கனெக்டர் கழன்றிருக்க, சாவியை ஆனில் வைத்து வண்டிப் பக்க வயரில் வோல்டேஜ் பாருங்கள். இசியூ சென்சாருக்கு 5 வோல்ட் வரும். பழைய வகை முள் என்றால் பேட்டரி வோல்டேஜ் அல்லது அதற்குச் சற்றுக் கீழே, சிலவற்றில் விட்டு விட்டு வரும். ஃபேன் சுவிட்சில் ஒரு பின்னில் 12 வோல்ட் நிற்கும். அதன் இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் ஃபேன் ஓடும். விரலையும் சட்டைக் கையையும் ஃபேனிலிருந்து தள்ளி வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

இசியூ சென்சாரைக் கழற்றியதும் பல வண்டிகளில் ஃபேன் முழு வேகத்தில் ஓடத் தொடங்கும். ஓபிடி ஸ்கேனர் (இசியூவின் தகவல்களைப் படிக்கும் கருவி) மைனஸ் 40 டிகிரி காட்டும், பி 0118 என்ற கோளாறுக் குறியீடு விழும். ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாமல் கூடிவிட்டதை இசியூ கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டு பின்னும் ஷார்ட் ஆனால் இதற்கு நேர்மாறு: மிக அதிக வெப்பம் காட்டும், பி 0117 விழும்.

ஒற்றை வயரைச் சோதிக்க, நேராக எர்த்தில் வைக்காமல் 20 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இரண்டு மூன்று விநாடி மட்டும் என்ஜின் பிளாக்கில் தொடுங்கள். முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறினால் அது கேஜ் வயர். முள் அசையாமல் விளக்கு மட்டும் எரிந்தால் எச்சரிக்கை சுவிட்ச்.

கழற்றிய சென்சாரை வெந்நீரில் போட்டும் பார்க்கலாம். இசியூ சென்சார்களில் பரவலாக உள்ள ஒரு வகை 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80-ல் 300-ஐ ஒட்டி, 100-ல் 190-ஐ ஒட்டி காட்டும். இடையில் எங்கேயும் குதிக்காமல் சீராக இறங்க வேண்டும். சுவிட்ச் என்றால் இடைப்பட்ட மதிப்பே கிடையாது, திறப்பு அல்லது மூடல்தான். எச்சரிக்கை சுவிட்ச் 100 டிகிரிக்கு மேல்தான் சேரும் என்பதால் கொதிநீரில் அசையாமல் இருப்பதை வைத்து அது கெட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சில என்ஜின்களில் ஹெட்டில் இருக்கும் சென்சார் கூலன்டைத் தொடுவதே இல்லை, உலோகத்தின் வெப்பத்தை மட்டும் அளக்கும். அந்தத் துளை ஒரு முட்டுச்சந்து, அதற்குள் தண்ணீர் இல்லை. அங்கே கூலன்ட் கேஜின் சென்சாரை மாட்டினால் சரியாக வேலை செய்யாது. கழற்றும்போது ஒரு சொட்டுக்கூட வராவிட்டால் உடனே சந்தேகப்படுங்கள்.

இசியூ சென்சாரின் வயரிலேயே கேஜுக்கும் ஒரு கிளை எடுத்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. அந்த 5 வோல்ட், இசியூவுக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக வருவது. அதில் இன்னொரு கருவியைத் தொங்கவிட்டால் வோல்டேஜ் மாறிவிடும். கேஜ் தன் பக்கத்திலிருந்து கரண்ட் தள்ளினால் வோல்டேஜ் ஏறும், இசியூ என்ஜின் குளிர்ந்திருப்பதாக நினைத்து எரிபொருளைக் கூட்டும், ஃபேனைத் தாமதமாகப் போடும். கேஜ் இழுத்தால் இதற்கு நேர்மாறு. வெப்பத்தைக் கண்காணிக்க மாட்டும் பொருளே வெப்பக் கட்டுப்பாட்டைக் கெடுக்கும்.

புதுக் கேஜ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பல வண்டிகளில் டேஷ்போர்டு முள் ஏறக்குறைய 75 முதல் 110 டிகிரி வரை நடுக்கோட்டிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது பிரச்சினை ஏற்கெனவே முற்றியிருக்கும். ஓபிடி போர்ட் உள்ள வண்டி என்றால் ஸ்கேனரில் உண்மை டிகிரி தெரியும், பலருக்கு அதுவே போதும். ஓபிடி இல்லாத பழைய வண்டி, சுமை இழுக்கும் வண்டி, டர்போ ஏற்றிய என்ஜின் இவற்றுக்குத் தனிக் கேஜ் மிகவும் அவசியம்.

* * *

கேஜ் வாங்குவதைவிட சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் மூளையைச் செலவழிக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் இடத்தின் வெப்பத்தைத்தான் சென்சார் சொல்லும். என்ஜின் வெப்பத்தை அது ஊகிக்காது.

முதல் தேர்வு, தெர்மோஸ்டாட்டுக்கு என்ஜின் பக்கம், அதாவது ஹெட்டிலிருந்து கூலன்ட் வெளிவரும் இடம். அங்கே காலியாக ஒரு மரைத் துளையில் பிளக் அடித்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஹவுசிங்கைக் கழற்றித் துளை போடலாம். 8-இல் 1 அங்குல என்.பி.டி. (அமெரிக்கக் கூம்புக் குழாய் மரை) மரைக்கு 8.6 மி.மீ. டிரில் பிட், பிறகு மரை வெட்டும் டேப். அந்த இடத்தில் சுவர் 8 மி.மீ.க்குக் குறையாமல் தடித்திருக்க வேண்டும். ஹவுசிங்கை வண்டியிலேயே வைத்துத் துளைக்கவே கூடாது, அலுமினியத் துருவல் வாட்டர் பம்ப் சீலையும் ரேடியேட்டர் குழாய்களையும் தேடிப் போகும்.

இரண்டாவது தேர்வு, ஹீட்டர் ஹோஸில் டி அடாப்டர். ஹீட்டர் வால்வு இல்லாத வண்டிகளில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் அங்கே ஓட்டம் இருக்கும், அதனால் கணக்கு உண்மைக்கு அருகில் வரும். வால்வு உள்ள வண்டியில் அதை மூடினால் ஓட்டம் நின்று கேஜ் பொய் சொல்லும்.

மூன்றாவது, எல்லோரும் செய்வது, மேல் ரேடியேட்டர் ஹோஸில் இன்லைன் அடாப்டர், அதாவது ஹோஸை வெட்டி நடுவில் செருகும் உலோகத் துண்டு. சுலபம், திருப்பி எடுக்கலாம். ஆனால் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை அங்கே சூடான ஓட்டம் வராது. தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டால் என்ஜின் வெந்துகொண்டிருக்க, இந்தக் கேஜ் 60 என்று அமைதியாக நிற்கும். இதை அறிந்தே மாட்டுங்கள். கீழ் ஹோஸில் மட்டும் வேண்டாம், அது ரேடியேட்டரில் ஆறி வரும் தண்ணீர்.

* * *

இன்லைன் அடாப்டர் பற்றி விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

ஹோஸ் ஏறும் கழுத்தின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து அடாப்டர் வாங்குங்கள். 28, 30, 32, 34, 36, 38, 40 மி.மீ. அளவுகளில் கிடைக்கும். 2 மி.மீ. சிறியதை வாங்கி கிளாம்ப்பை இறுக்கிச் சமாளித்தால், சூடேறி அழுத்தம் வந்ததும் ஒழுகும். ஹோஸை வெறுமனே இரண்டாக வெட்டிச் செருகினால் மொத்த நீளம் கூடி மடங்கும். அடாப்டரின் நடுப்பட்டை எவ்வளவோ அவ்வளவு ரப்பரை வெட்டி எடுத்துவிட வேண்டும். கிளாம்ப், அடாப்டர் முனையில் இருக்கும் மேட்டுக்கு உள்பக்கம் உட்கார வேண்டும், மேட்டின் மேல் அல்ல.

அடுத்தது எர்த். ஒற்றை வயர் சென்சார் தன் உடம்பு வழியாகத்தான் சர்க்யூட்டை முடிக்கிறது. அடாப்டரின் இரு பக்கமும் ரப்பர் என்பதால் அது எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது. அடாப்டரில் எர்த் ஸ்க்ரூ இருந்தால் அதிலிருந்து, இல்லாவிட்டால் கிளாம்ப்புக்கு அடியில் அல்லாமல் நல்ல உலோகத் தொடர்புள்ள இடத்திலிருந்து, தனி எர்த் வயர் இழுத்து என்ஜின் பிளாக்கிலோ பேட்டரி நெகட்டிவிலோ கொடுக்க வேண்டும்.

அரைகுறை எர்த்தின் ஆபத்தை எண்களில் பாருங்கள். 120 டிகிரி வரை காட்டும் பரவலான ஒரு சென்சார் வகை 90 டிகிரியில் 51 ஓம், 100-ல் 38 ஓம், 120-ல் 22 ஓம் காட்டும். துருப்பிடித்த எர்த்தில் 12 ஓம் கூடினால், உண்மையில் 100 டிகிரியில் இருக்கும் என்ஜினைக் கேஜ் 90 என்று காட்டும். தவறு எப்போதும் குறைத்துக் காட்டும் பக்கமே போகிறது. சென்சார் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 1 ஓமுக்குக் கீழே வராவிட்டால் வேலை முடியவில்லை என்று பொருள்.

இதே காரணத்துக்காகத்தான் டெஃப்லான் டேப்பைப் பட்டையாகச் சுற்ற வேண்டாம் என்கிறோம். திரவ மரை சீலன்ட் ஒரு மெல்லிய பூச்சு, முதல் மரையை விட்டுவிட்டுப் போடுங்கள். டேப்தான் இருக்கிறது என்றால் ஒன்றரைச் சுற்று போதும், மாட்டிய பின் ஓம் பாருங்கள்.

இரண்டு வயர் சென்சாருக்கு எர்த் கவலை இல்லை. புதிதாக வாங்குபவர்கள் அதையே எடுங்கள்.

* * *

சென்சாரும் கேஜும் ஒரே கம்பெனியின் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்திலேயே 120 டிகிரி, 150 டிகிரி என்று வெவ்வேறு ரெசிஸ்டன்ஸ் வரிசைகள் உண்டு. 150 டிகிரி வகை ஆயிலுக்கு. மரை பொருந்துகிறது என்பதற்காக மாற்றி மாட்டினால் முள் நகரும், எண் மட்டும் பொய்.

மரைக்கு வருவோம். என்.பி.டி. 8-இல் 1: அங்குலத்துக்கு 27 மரை, 60 டிகிரி கோணம். ஜப்பானியக் கேஜ்களில் வரும் பி.டி. 8-இல் 1: அங்குலத்துக்கு 28 மரை, 55 டிகிரி. எம்10×1 (10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி உள்ள மெட்ரிக் மரை) பார்வைக்கு இரண்டையும் போலவே இருக்கும். ஒன்றை மற்றொன்றில் முடுக்கினால் ஓரிரு சுற்று போய்ப் பிடித்துக்கொள்ளும், இறுகிவிட்டதாகத் தோன்றும், சூட்டில் கசியும். மரை இடைவெளி அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

இவை கூம்பு மரைகள், ஆப்பு போல வேலை செய்பவை. கையால் முடுக்கிய பின் ஒன்றரை முதல் இரண்டு சுற்று. அதற்கு மேல் போனால் அலுமினிய ஹவுசிங்கில் மயிரிழை விரிசல் விழும், பிளாஸ்டிக் ஹவுசிங் என்றால் அந்த நிமிடமே பிளந்துவிடும்.

எம்12×1.5 துளைக்கு அடாப்டர் தேடுபவர்கள் கவனிக்க: 8-இல் 1 மரையின் வெளிவிட்டமே சுமார் 10.3 மி.மீ. அது எம்12-இன் உள்ளே அடங்க இடமில்லை. அதனால் அந்த அடாப்டர்களில் சென்சார் வெளியே உள்ள தலைப்பகுதியில்தான் உட்காரும், நுனி ஓட்டத்துக்குள் வராமல் தேங்கிய பொந்தில் நிற்கும், 5 முதல் 10 டிகிரி குறைத்தும் தாமதமாகவும் காட்டலாம். எம்16×1.5-இல் இந்தச் சிக்கல் இல்லை. நுனி குறைந்தது 5 மி.மீ. ஓட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

* * *

வயரிங் சுருக்கமாக. சாவி ஆனில் மட்டும் வரும் 12 வோல்ட், 2 ஆம்பியர் பியூஸோடு. பார்க் விளக்கு லைனிலிருந்து கேஜ் விளக்குக்கு ஒன்று. கேஜ் எர்த்தும் சென்சார் எர்த்தும் முடிந்தால் ஒரே புள்ளியில். சென்சார் வயர் 0.75 சதுர மி.மீ., இக்னிஷன் காயிலிலிருந்தும் எக்ஸாஸ்டிலிருந்தும் விலக்கி. ஃபயர்வாலில் (என்ஜின் அறையையும் உள்ளறையையும் பிரிக்கும் தகடு) ஏற்கெனவே உள்ள ரப்பர் குரோமெட் வழியாகவே நுழையுங்கள், வெறும் தகட்டு விளிம்பு வயர் தோலை அறுத்துவிடும். அப்படி அறுந்து பாடியில் தொட்டால் கேஜ் திடீரென்று உச்சத்தில் போய் நிற்கும்.

கேப்பிலரிக் குழாய் உள்ள மெக்கானிக்கல் கேஜுக்கு வயரே வேண்டாம், எர்த் தொல்லையும் இல்லை, துல்லியமும் நன்று. ஆனால் குழாயை வெட்டவோ, கூர்மையாக மடக்கவோ முடியாது. உள்ளிருக்கும் ஆவி போய்விட்டால் முழுக் கேஜும் வீண்.

* * *

மாட்டி முடித்த பிறகு காற்றெடுப்பதை அவசரப்படுத்தாதீர்கள். ஆறிய என்ஜினில் மட்டும் மூடியைத் திறங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூ இருந்தால் குமிழியில்லாமல் வரும்வரை விடுங்கள், தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சுடும்வரை ஓடட்டும், மீண்டும் ஆறிய பின் அளவு பாருங்கள். சில விநாடிகளில் 80, 105, 80 என்று முள் தாவினால் அது காற்றுப்பை. கூலன்ட் அவ்வளவு வேகத்தில் சூடாகி ஆறாது.

ஓபிடி இருந்தால் ஸ்கேனர் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரே இடத்தில் சென்சார் இல்லாததால் 3 முதல் 5 டிகிரி வித்தியாசம் இயல்பு. 82 அல்லது 88 டிகிரி தெர்மோஸ்டாட் உள்ள வண்டி சாதாரணமாக 85 முதல் 100 வரை ஏறி இறங்கும். மேட்டில் ஏசியோடு முழுச் சுமையில் ஏறும்போது உச்சம் எவ்வளவு போகிறது என்று கவனித்து, அதற்கு 5 முதல் 8 டிகிரி மேலே அலாரம் வையுங்கள். மூடி 1.1 பார் அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீரே 120-ஐத் தாண்டித்தான் கொதிக்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் கலவை 130-ஐ ஒட்டி. மூடி ரப்பர் கெட்டு அழுத்தம் பிடிக்காவிட்டால் இந்த இடைவெளி முழுதும் போய்விடும்.

கடைசியாக, எந்தக் கூலன்ட் கேஜும் சமாளிக்க முடியாத நிலை ஒன்று உண்டு. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போய்விட்டால் சென்சார் காற்றில் நிற்கும், முள் ஏறுவதற்குப் பதில் இறங்கும், ஓட்டுபவர் நிம்மதியாகத் தொடர்ந்து ஓட்டுவார். ஹெட் வளைவது அப்போதுதான். அதற்கு, வளையம் வைத்த தெர்மிஸ்டர் ஒன்றை ஹெட்டில் உள்ள ஏதாவது எம்6 அல்லது எம்8 பிராக்கெட் போல்ட்டுக்கு அடியில் பிடித்து, தனி அலாரத்தோடு இணைக்கலாம். ஹெட் போல்ட்டை மட்டும் தொட வேண்டாம். இது உலோகத்தை அளப்பதால் தண்ணீர் இல்லாவிட்டாலும் எச்சரிக்கும். எக்ஸாஸ்ட் பக்கத்து போல்ட்டைத் தவிர்த்து இன்டேக் பக்கம் அல்லது தெர்மோஸ்டாட் அருகில் வைத்தால் கூலன்ட் கேஜோடு ஒப்பிடச் சுலபமாக இருக்கும்.