செக் நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ‘ஸாம்’ என்றால் தனியாகவா, தானாகவா?

மகனை ஷ்கோல்காவில், அதாவது மழலையர் பள்ளியில், சேர்க்கப் போன தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “டீச்சர் ‘யீ ஸாம்?’ என்கிறார். அகராதியில் ஸாம் என்றால் தனியாக. பிள்ளையைத் தனியாக உட்கார வைத்தா சாப்பாடு போடுவார்கள்?”

இல்லை தம்பி. ஊட்டி விடாமல் தானே எடுத்துச் சாப்பிடுவானா என்றுதான் கேட்கிறார். நம் வீடுகளில் நாலு வயதிலும் கதை சொல்லி ஊட்டுவோம். இங்கே மூன்று வயதிலேயே ஸ்பூன் பிடிக்க வேண்டும், கழிப்பறைக்கும் ‘ஸாம்’ போக வேண்டும். சேர்ப்பதற்குள் பழக்கிவிடுங்கள்.

வாடகை வீட்டின் சொந்தக்காரர் “பிட்லீட்டெ ஸாம்?” என்றால் அது தனியாக வசிக்கிறீர்களா என்பதேதான். இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் நம் ஏகாரம்: ‘ஸாம் ப்ரெஸிடென்ட்’ என்றால் ஜனாதிபதியே.

சகோதரிகள் கவனிக்க: கணவர் சொல்வதைக் கேட்டு நீங்களும் ஸாம் என்று சொல்லாதீர்கள். அது ஆணுக்கு. பெண்ணுக்கு ‘ஸம’, இரண்டும் குறில். பலருக்கு ‘ஸமி’. மரியாதைக்கு வினை நம் ‘நீங்கள்’ போலப் பன்மையாகும், ஆனால் இந்தச் சொல் ஒருமையிலேயே நிற்கும். அதனால் ஒரு பெண்ணிடம் “பிட்லீட்டெ ஸம?” என்றுதான் கேட்பார்கள். ஸமி என்று காதில் விழுந்தால் குடும்பத்தையே சேர்த்துக் கேட்கிறார்கள்.

கடைசி எழுத்து நெடிலானால் வேறு சொல். ‘ஸமா வொட’ என்றால் வெறும் தண்ணீர்; ஒளித்து வைத்த பொருளைத் தேடும் விளையாட்டில் நீங்கள் தப்பான பக்கம் போனால் பிள்ளைகள் இப்படித்தான் கத்துவார்கள். கிட்டே போனால் ‘ஹொர்ஷீ!’ என்பார்கள், அதாவது தீப்பிடிக்கிறது. அலுவலகத்தில் வழி கேட்டால் ‘ந ஸமேம் கொன்ட்ஸி’ என்பார்கள்: கடைசியோ கடைசியில்.

அப்புறம் ‘தொ ஸமே’, அதாவது அதேதான். மெனு புரியாத நாளில் பக்கத்து மேசைத் தட்டைக் காட்டி “தொ ஸமே, ப்ரொஸீம்” என்றால் போதும், வந்துவிடும். சைவக்காரர்கள் மட்டும் இந்த வித்தையை முயல வேண்டாம். ஸ்வீச்கோவா குழம்பு காய்கறி அரைத்துச் செய்ததுதான், ஆனால் அடியில் மாட்டிறைச்சி இருக்கும்.