5 நாள் தங்க இடம் இருக்கும்போது தனியாக எதற்கு நிதி?

கொருக்குப்பேட்டைக்காரி:
"வீட்டில் அடிபடும் பெண்களுக்கு அரசே 'சகி' மையம் நடத்துகிறது. 5 நாள் தங்கலாம், சாப்பாடும் உண்டு. அப்புறம் பேட்டைக்குப் பேட்டை உதவி மையம், அதற்கு ஒரு நிதி, எல்லாம் எதற்கு?" வட சென்னையில் பேட்டைக்கு ஓர் உதவி மையமும் அதற்கு நிதியும் வேண்டும் என்று நான் கேட்டதற்குக் கணக்குப்பிள்ளை நேற்று எழுதியது இது. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சார், ஆறாவது நாள் அவள் எங்கே போவாள்? உங்கள் வீட்டுத் திண்ணைக்கா?

கணக்குப்பிள்ளை:
கோபப்படாமல் படியுங்கள் மேடம். 2013 மத்திய பட்ஜெட்டில் பெண்கள் பாதுகாப்புக்கென்று 1,000 கோடியோடு நிர்பயா நிதி வந்தது. 2015லிருந்து அதில்தான் இந்த மையங்கள் நடக்கின்றன. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம். 5 நாள் போதாவிட்டால் சக்தி சதன் விடுதிக்கு மாற்றலாம். இருப்பதை ஒழுங்காக நடத்தச் சொல்லுங்கள். புதிதாகத் திறந்தால் போர்டும் நாற்காலியும்தான் மிஞ்சும்.

கொருக்குப்பேட்டைக்காரி:
மாற்றலாம். லாம்! காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிறவளை நினைத்துப் பாருங்கள். 5 நாள் உள்ளே இருந்தால் 5 நாளும் வியாபாரம் கிடையாது, கடன் வசூலிக்கும் தண்டல்காரன் மட்டும் தவறாமல் வருவான். மகன் வளர்ந்தவன் என்றால் அவனைச் சேர்க்க மாட்டார்கள், யாரிடம் விடுவாள்? தனியாக வீடு பார்க்கப் போனால் அட்வான்ஸ் எவ்வளவு என்பதற்கு முன்னால் "புருஷன் எங்கே?" என்பார்கள். 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மனு போட்டால் 3 நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வாய்தாவுக்கு அலைந்தவர்களிடம் போய்ப் படித்துக் காட்டுங்கள். வக்கீல் இலவசம்தான், பெண்ணென்றால் வருமானம்கூடக் கேட்பதில்லை. ஆனால் எழும்பூர் கோர்ட்டுக்குக் கூட வருவது யார்? ஆஸ்பத்திரியில் மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டு "படியில் விழுந்துட்டா டாக்டர்" என்று சொல்லும்போது இவள் பக்கம் நிற்பது யார்? அதே பேட்டையில் இருக்கிற, சம்பளம் வாங்குகிற ஒரு பெண் வேண்டும். நான் கேட்பது அந்தச் சம்பளமும் முதல் மாத வாடகையும். நாற்காலி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வியாசை வேலு:
டாஸ்மாக்கை மூடினால் பாதி தீர்ந்துவிடும். அதைப் பேச ஆள் இல்லை இங்கே.

கொருக்குப்பேட்டைக்காரி:
தம்பி, குடிக்காதவன் அடிக்கவே மாட்டானா? எங்கள் தெருவில் நெற்றி நிறைய விபூதி, பீடிகூடத் தொடாதவர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுச் சத்தம் மூன்றாவது தெரு வரை கேட்கும்.

துறைமுகம் 77:
பொய்க் கேஸ் போடுகிறவர்களைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்களேன். கணவன் வீட்டார் கொடுமை என்று 498ஏ பிரிவில் கேஸ் போட்டு மொத்தக் குடும்பத்தையும் ஸ்டேஷனில் உட்கார வைப்பதைப் பார்த்திருக்கிறேன். இதில் நிதி வேறு.

கொருக்குப்பேட்டைக்காரி:
498ஏ இப்போது புதிய குற்றச் சட்டமான பிஎன்எஸ்ஸில் 85ஆம் பிரிவு ஆகிவிட்டது, நீங்கள் இன்னும் பழைய சினிமாவிலேயே இருக்கிறீர்கள். நான் பேசுவது 2005 சட்டம். வீட்டில் இருக்கும் உரிமை, பாதுகாப்பு உத்தரவு, பிழைக்கப் பணம். குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21ல் தமிழ்நாட்டில் கல்யாணமானவர்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் அடியோ கொடுமையோ பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை பேரும் பொய்யா?

கணக்குப்பிள்ளை:
38 பேரும் வெளியே வரப்போவதில்லை. வருகிறவர்களுக்கு 5 நாள் இருக்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் வேறு.

கொருக்குப்பேட்டைக்காரி:
ஏடிஎம் கார்டு யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று விசாரித்தீர்களா? மறுபடி 5 நாள்! தாலி கட்டி இருபது வருஷம் வாங்கிய அடிக்கு 5 நாள்.

பெரம்பூர் பறவை:
அக்கா சொல்வது சரி. எங்கள் வட சென்னையில் இந்த வேலையைச் சம்பளமே இல்லாமல் சுய உதவிக் குழுப் பெண்கள்தான் செய்கிறார்கள். ஆட்டோ காசும் அவர்கள் கைக்காசு.

துறைமுகம் 77:
பெரம்பூர் எப்போது வட சென்னை ஆனது? வீட்டு வாடகை விளம்பரத்தில் மட்டும் "அயனாவரம் அருகில்" என்று போடுவீர்களே.

வியாசை வேலு:
அண்ணே, வட சென்னை எம்.பி. தொகுதியில் கொளத்தூரே இருக்கிறது. பெரம்பூரை மட்டும் ஏன் தள்ளுகிறீர்கள்?

துறைமுகம் 77:
ஓட்டுப் பெட்டி வேறு, ஊர் வேறு. பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து தண்ணீர் பிடித்துப் பார்த்தவர்கள் பேசட்டும்.

பெரம்பூர் பறவை:
நாங்கள் என்ன பன்னீரிலா குளிக்கிறோம்?

கொருக்குப்பேட்டைக்காரி:
எல்லைக் கல் நட்டு முடித்ததும் சொல்லுங்கள். 2023ல் வட சென்னை வளர்ச்சித் திட்டம் என்று 1,000 கோடி அறிவித்தார்கள். சாலை வரட்டும், பஸ் நிலையம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பேட்டைக்கு ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கச் சொன்னால் மட்டும் கணக்குப்பிள்ளைக்கு ரசீது ஞாபகம் வந்துவிடுகிறது.

கணக்குப்பிள்ளை:
வரும்தான். தொண்டு நிறுவனம் என்ற பேரில் போட்டோ எடுத்துவிட்டு ஓடியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். தணிக்கை இல்லாமல் பைசா கொடுக்கக்கூடாது. அந்த 5 நாளை 10 நாளாக்கச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கொருக்குப்பேட்டைக்காரி:
பதினோராவது நாள்?

கணக்குப்பிள்ளை:
மேடம், உங்களோடு பேசினால் இப்படித்தான். தண்ணீர் லாரி விவகாரத்திலும் கடைசிவரை என்னைப் பேசவிடவில்லை.

கொருக்குப்பேட்டைக்காரி:
அந்த லாரி உங்கள் தெருவில் மட்டும் ஏன் நின்றது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. அதையும் இங்கேயே எழுதிவிடுங்கள்.

வியாசை வேலு:
டாஸ்மாக்கைப் பற்றி நான் கேட்டதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை.