நாசில் எந்தப் பக்கம் சாயலாம்: சேஃப்டியில் கோண எல்லை வேண்டுமா?

சிப்காட் ப்ரோக்ராமர், ராணிப்பேட்டை
ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ யூனிட்டில் சோலுக்கு சொல்யூஷன் (பசை) அடிக்கிற யூனிவர்சல் ரோபோட்ஸ் கம்பெனி ரோபோ கையை ஓட்டிக் கொடுத்திருக்கிறேன். சேஃப்டி பார்க்கிறவர் வந்து, நாசில் நேர் கீழிலிருந்து 30 டிகிரிக்கு மேல் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்று ரோபோவின் சேஃப்டி செட்டிங்கில் எல்லை வைத்து, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டுப் போய்விட்டார். டோ (ஷூ முன்நுனி) ஓரத்துக்குப் பசை ஏற 50 வரை சாய்ந்தாக வேண்டும், அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் டோவில் போய் நிற்கிறது. இந்தச் செக்கை ப்ரோக்ராமிலேயே எழுதிவிடுகிறேன், சேஃப்டியில் எதற்கு? அது கோபாட், ஆள் பக்கத்திலேயே வேலை செய்கிற ரோபோ, மோதினாலும் நின்றுவிடும்.

பேரணாம்பட்டு மெயின்டனன்ஸ்
தம்பி, உங்கள் செக் ப்ரோக்ராம் ஓடும்போது மட்டும்தான் இருக்கும். நாசில் அடைத்தால் ஆபரேட்டர் ப்ரோக்ராமை நிறுத்தி, ஃப்ரீடிரைவ் பட்டனை (கையால் இழுத்து நகர்த்த விடுவது) அமுக்கி, கையைத் தன் பக்கம் இழுத்து, நாசிலை முகத்துக்கு நேராகத் திருப்பி ஊசியால் குத்துவார். எங்கள் லைனில் ஒரு பெண் அப்படிக் குத்தும்போது பைப்பில் மிச்சமிருந்த பிரஷர் விட்டு, கண்ணாடி முழுக்க மஞ்சள் பசை. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது, புருவ முடியைப் பிறகு வெட்டித்தான் எடுத்தோம். சேஃப்டியில் எல்லை இருந்தால் ஃப்ரீடிரைவிலும் கை எதிர்த்துத் தள்ளும், அந்தக் கோணத்துக்கு எளிதில் வராது. கோபாட் என்கிறீர்களே, கோபாட்களுக்காக 2016-இல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066-இல் இருக்கும் எண்கள் எல்லாம் கை உடம்பில் மோதினால் எவ்வளவு விசை, எவ்வளவு அழுத்தம் என்பதற்குத்தான். நாசிலிலிருந்து பாய்வதற்கு அது காப்பு இல்லை.

சிப்காட் ப்ரோக்ராமர்
பாய், அந்தப் பெண்ணுக்கு நடந்தது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக ப்ரொடக்‌ஷன் நிற்கணுமா? ஆள் பக்கத்தில் வரும்போது மாறுகிற ரெட்யூஸ்ட் மோடுக்கு மட்டும் எல்லை போடுங்கள், நார்மலில் விட்டுவிடுங்கள்.

பேரணாம்பட்டு மெயின்டனன்ஸ்
ஆள் வந்ததும் ரெட்யூஸ்டுக்கு மாற, ஆளைக் கண்டுபிடிக்கிற ஸ்கேனரோ தரை மேட்டோ ஏதாவது சிக்னல் கொடுக்க வேண்டும். உங்கள் செல்லில் இருக்கிறதா? இல்லையென்றால் ஆள் பக்கத்தில் நிற்கும்போதும் அது நார்மல்தான்.

காட்பாடி மெக்கட்ரானிக்ஸ்
அண்ணா, இரண்டு பேரும் 30-ஐப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள், நாசில் சாயக்கூடிய எல்லை ஒரு கூம்பு மாதிரி, அதன் நடு அச்சு நேர் கீழேதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நடுவை மெஷின் பக்கம் 20 டிகிரி சாய்த்து, விலகலை 35 வைத்தால் மெஷின் பக்கம் 55 வரை போகும், ஆபரேட்டர் பக்கம் 15-க்கு மேல் வராது. அப்புறம் ஒன்று, நாசில் வளைந்ததா? எல்லை பார்ப்பது மாமூலாக ஃபிளாஞ்சின் (நாசிலை மாட்டுகிற கை நுனித் தட்டு) இசட் அச்சை, அதாவது தட்டிலிருந்து நேராக வெளியே போகும் கோட்டை. வளைந்த நாசிலுக்கு டில்ட் (சாய்வு), பான் (சுழற்சி) கோணம் கொடுக்காவிட்டால் திரையில் எல்லை சரியாகத் தெரியும், நாசில் வேறெங்கோ பார்க்கும். டிசிபியிலிருந்து (ரோபோவில் பதிந்த நாசில் நுனியின் இடமும் திசையும்) எடுத்தாலும் அது நகல்தான், பிறகு டிசிபியை மாற்றினால் எல்லை கூடவே வராது.

சிப்காட் ப்ரோக்ராமர்
45 டிகிரி வளைந்த நாசில். டில்ட் பூஜ்யமாகத்தான் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். அப்படியென்றால் அவர் போட்ட 30 ஆளைக் காக்கவே இல்லை, என் வேலையை மட்டும் நிறுத்தியிருக்கிறது! சரி, நடுவை நகர்த்துவது டோவுக்குச் சரிப்படும். ஹீலில் பக்கவாட்டில் 40 வேண்டுமே?

காட்பாடி மெக்கட்ரானிக்ஸ்
பக்கவாட்டில் 29 சொச்சம்தான் கிடைக்கும் அண்ணா.

பேரணாம்பட்டு மெயின்டனன்ஸ்
ஹீலுக்கு லாஸ்டை (ஷூ மாட்டியிருக்கும் கால் அச்சு) திருப்பி வையுங்கள், அதைப் பிடிக்கும் ஃபிக்ஸரில் ஒரு இண்டெக்ஸ், அதாவது குறித்த கோணத்துக்குத் திருப்பி நிறுத்தும் ஏற்பாடு, போதும், கையை ஏன் வளைக்கிறீர்கள்? அப்புறம் கோணம் மட்டும் போதாது, கை நின்றாலும் வால்வு திறந்திருந்தால் பசை வந்துகொண்டுதான் இருக்கும். சேஃப்டி அவுட்புட்டில் வால்வைக் கட்டுங்கள், நின்ற உடனே பைப் பிரஷரையும் வெளியே விடுகிற மாதிரி.

சிப்காட் ப்ரோக்ராமர்
வால்வைக் கட்டுகிறேன், அதில் எனக்கும் உடன்பாடுதான். இண்டெக்ஸ் வைத்தால் ஒரு ஜோடிக்கு எத்தனை செகண்ட் கூடும் என்று ஓட்டிப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன். திங்கட்கிழமை டில்டை 45 வைத்து, ஏரை மூடி, நாசில் நுனியில் நூல் கட்டிச் சுற்றிப் பார்க்கிறேன்.

பேரணாம்பட்டு மெயின்டனன்ஸ்
பார்க்கும்போது ஆபரேட்டரையும் பக்கத்தில் நிறுத்துங்கள் தம்பி, நாசிலைச் சுத்தம் பண்ண அவர் எப்படி இழுப்பார் என்று அவரே இழுத்துக் காட்டட்டும்.