புதுப்பிப்பு: சைக்ளோகிராஸ் பந்தயம் முடிந்தது, சேறுதான் இன்னும் போகவில்லை

எங்கள் கிளப் குளிர்கால சைக்ளோகிராஸ் (சேறும் புல்லுமான பாதையில், தடைகளில் இறங்கித் தூக்கி ஓடும் சைக்கிள் பந்தயம்) போட்டிக்குப் போகிறது, டயரில் எவ்வளவு காற்று வைக்கலாம் என்று கேட்டிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி இது. முந்தைய இரவு முழுக்க மழை, அதனால் நீங்கள் சொன்னபடியே 33 மி.மீ. டியூப்லெஸ் டயரில் காற்றழுத்தத்தை 25 பிஎஸ்ஐக்கும் கீழே இறக்கினோம். வளைவுகளில் பிடிமானம் அருமை, ஆனால் எங்களில் கனமான ஆளுக்கு மர வேர்களில் ரிம் இடித்துக்கொண்டே இருந்ததால் அவர் மட்டும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டார். தடுப்புப் பலகை 40 செ.மீ. உயரம்தான், இருந்தாலும் இறங்கி, தூக்கி, ஓடி, மறுபடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. மாற்று சைக்கிள் வைத்திருந்தவர்கள் பிட்டில் (வண்டி மாற்றும் இடத்தில்) கழுவிய வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்கள், எங்களிடம் இருந்தது ஒரு வாளியும் பிரஷும். சரி, முடிவு? பெண்கள் பிரிவில் எங்கள் கிளப்புக்கு மூன்றாம் இடம், மற்ற எல்லோரும் நடுவில் எங்கேயோ.