கரண்ட் போய் வந்தால் டிரான்ஸ்மிஷன் வட்டைத் தொலைத்துவிடுகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பாலக்கோட்டில் வீட்டு மூலையில் ஒரு பழைய ராஸ்பெர்ரி பை (சின்னக் கணினி) ஓடிக்கொண்டிருக்கிறது. டெபியன் லினக்ஸ், திரை கிடையாது. டிரான்ஸ்மிஷன்-டீமன் (பின்னணியில் ஓடி டாரன்ட் இறக்கும் மென்பொருள்) போட்டிருக்கிறேன், 9091 போர்ட்டில் போனிலிருந்தே பார்த்துக்கொள்வேன். லினக்ஸ் ஐஎஸ்ஓக்களும், பக்கத்துப் பிள்ளைகளுக்காக கிவிக்ஸ் (இணையமில்லாமல் படிக்கும்) விக்கிப்பீடியா கோப்புகளும்தான் இறக்குவது.

சிக்கல் இதுதான். எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. திரும்பி வந்ததும் பை தானாக எழுந்துவிடும். ஆனால் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் மவுன்ட் ஆவதற்குள் (பயன்பாட்டுக்கு இணைவதற்குள்) டீமன் கிளம்பிவிடுகிறது. எல்லா டாரன்ட்டிலும் தரவைக் காணோம் என்று சிவப்பில் பிழை. வட்டு இல்லாவிட்டாலும் பை பூட் ஆக வேண்டுமென்று எஃப்எஸ்டேப்பில் (வட்டுகளை மவுன்ட் செய்யும் பட்டியல் கோப்பு) நோஃபெயில் போட்டிருக்கிறேன்; அதனால்தான் சிஸ்டம்டி (பூட் ஆகும்போது சேவைகளைத் தொடங்கும் நிரல்) வட்டுக்காகக் காத்திருப்பதில்லை.

அனுமதிச் சிக்கல் இல்லை. ஃபோல்டர் டெபியன்-டிரான்ஸ்மிஷன் பயனர் பெயரில்தான் இருக்கிறது, வட்டும் எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு முறைமை). செட்டிங்ஸ் கோப்பையும் டீமனை நிறுத்திவிட்டுத்தான் திருத்துகிறேன், இல்லையென்றால் அது மூடும்போது பழையதையே எழுதிவிடும்.

சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளை வழியாக டீமனின் யூனிட் கோப்பில் (சிஸ்டம்டி அமைப்புக் கோப்பு) ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார் (இந்த வட்டு மவுன்ட் ஆகியிருக்க வேண்டும்) வரி சேர்த்தால் வட்டு வரும்வரை டீமன் கிளம்பாது, சரி. ஆனால் வட்டைப் பிறகு செருகினால் டீமன் தானாகவே தொடங்க வேண்டும். அதற்கு வட்டின் மவுன்ட் யூனிட்டோடு வான்டட்பை (அது வந்ததும் இதையும் தொடங்கு என்னும் வரி) கட்டினால் போதுமா? ஸ்லீப் 60 (60 விநாடி சும்மா காத்திருப்பது) போடச் சொல்லாதீர்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. இப்படி ஓட்டுகிறவர்கள் உங்கள் யூனிட் வரிகளை அப்படியே ஒட்டினால் பெரிய உதவி.